அசையாமல் உட்கார்ந்தவள்

அம்மா,

சாப்பிட்டேன், தூங்கினேன், சளி விட்டுருச்சு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கு? தம்பிகிட்ட கோவிச்சுக்கிட்டு மாத்திரையை நிறுத்திடாதே.

இங்கே ஒரு வேடிக்கை. நான் வேலை பார்க்கிற வீட்டு முதலாளியம்மா, எடுத்ததுமே படம் கையில வந்துடற கேமரா ஒண்ணு வாங்கியிருக்காங்க. ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருக்கணும்னு அவங்களே திருகி வைக்கலாம். நேத்து முப்பது விநாடி வச்சு, நான் கூடத்தைத் துடைக்கும்போது எடுத்தாங்க. படத்துல நானே இல்லை! வாளி மட்டும் இருக்கு. அவ்வளவு நேரம் திறந்திருந்தா நடமாடற ஆள் பதியாதாம், அசையாம இருக்கறதுதான் பதியுமாம்.

சிரிச்சுட்டேன். அப்புறம்தான் படத்துல ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தேன். என்னோடது மாதிரியே நீல ஏப்ரன் கட்டின ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. கண் இமைகூட அவ்வளவு தெளிவு. நான் துடைக்கும்போது அந்த நாற்காலி காலியாத்தான் இருந்ததும்மா.

முதலாளியம்மா பதறவே இல்லை. "உனக்கு முன்னாடி இங்கே வேலைக்கு இருந்தவ. ரொம்ப அடக்கமான பொண்ணு"ன்னாங்க.

நீ ஒண்ணும் பயப்படாதே. தலைவலித் தைலம் ஒண்ணு அனுப்பு. அடுத்த கடிதத்துல என் பேரை நாலஞ்சு தடவை எழுது. இங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை.

என்னைக் கூப்பிட மணி அடிக்கிறாங்க, முடிச்சுக்கறேன். புது ஃபிலிம் போட்டு வச்சிருக்காங்க. இன்னிக்கு எனக்கு வேலை எதுவும் இல்லையாம். அந்த நாற்காலியில அசையாம உட்கார்ந்தா போதுமாம்.

உன் மகள்