இடது காலால் ஒரு மிதி

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு ஏசி மெக்கானிக்கின் மனைவி எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் ஏதோ இருக்கிறோம், நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று போனில் சொன்னாயே, அன்று நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் கோபம் இல்லையப்பா, அசதி. பக்கவாதம் வந்து அவள் விழுந்ததிலிருந்து தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு எனக்கே கைகால் ஓய்ந்துபோகிறது. பயிற்சி கொடுக்க வருகிற பெண் இடது காலை ஊன்றுங்கம்மா என்று கெஞ்சினால் இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சரி, சேர்த்துவிடு என்று சொல்லத்தான் இருந்தேன்.

அதற்குள் மெக்கானிக், ஏசிக் குழாய்க்குப் போர்த்துகிற கறுப்பு ஸ்பாஞ்சுக் குழலில் மிச்சத்தை வெட்டித் தன் பிள்ளைகளுக்கு ராக்கெட் செய்து கொடுத்தான். காலி பாட்டில் வாயில் பைப்பைச் செருகி, மறுமுனையில் அந்தக் குழலை மாட்டிப் பாட்டிலை ஓங்கி மிதித்தால் காற்றே தூக்கி எறிகிறது. அம்மா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நீ பந்துக்குப் பம்படித்து வெடிக்க வைத்தபோது அவள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. நானும் ஒரு துண்டு வாங்கிவந்து அவளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, எதிரே செய்து மிதித்தேன். புஸ்ஸென்று காற்று போனதே தவிர ராக்கெட் அசையவில்லை. மறுபடியும் மிதித்தேன், அதே கதைதான். நாக்குக் குழற அவள், ஏய்யா, முன்னாடி ஓட்டைய அடைக்காம மிதிச்சா காத்து எப்படிய்யா நிக்கும் என்கிறாள். எத்தனையோ நாளுக்கப்புறம் முழுசாக ஒரு திட்டு. குழலின் முன்வாயை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, பாட்டிலை எடுத்து அவள் இடது காலடியில் தெரியாத்தனமாக வைத்துவிட்டேன். தள்ளிப்போ என்றவள் எந்தக் கால் என்று பார்க்காமல் ஆத்திரத்தில் ஒரு மிதி மிதித்தாள். ராக்கெட் நேராக என் தாடையில் வந்து மோதியது. கோணின வாயோடு அவள் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

நடந்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே. பாதம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஊன்ற வரும், ஆனால் நாளாகும் என்கிறாள் பயிற்சிப் பெண். இவளோ இப்போது பயிற்சியைக் கேட்பதில்லை, பாட்டிலைக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் நசுங்கின பாட்டிலை ஊதி உப்ப வைத்து, அலமாரிக்கடியில் புகுந்த ராக்கெட்டைக் குனிந்து எடுக்க எனக்குத் தெம்பு இல்லையப்பா. லீவு போட்டுவிட்டு வா. மிதிக்க அவள் இருக்கிறாள், பொறுக்கத்தான் ஆள் இல்லை.

போனில் கேட்ட மருமகளின் இருமலை அசட்டையாக விடாதே. இல்லத்துக்காரரிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. இரண்டு பேரும் மனம்போல் வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா (கைநாட்டு)