கோட்டுக்கு அந்தப் பக்கம்

நாள் 6214. காலை 6.10
குளிர் அறை: மைனஸ் இருபது. கழுவிய சோதனைக் குழாய்கள் நாற்பது. உடைந்தது ஒன்று. நிலையத்தில் ஆள் நான் மட்டும். மற்றவர்கள் பூமிக்குத் திரும்புகிற விண்கப்பலில் ஏறிவிட்டார்கள். எழுதுவது ஆய்வுக்கூடம் துடைக்கிற இசக்கியம்மாள். ஐந்தாம் வகுப்பு. தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.
குளிர் அறையில் என் மகள் வடிவு கிடக்கிறாள். இந்தக் கிரகத்தில் பிறந்தவள். பதினாறு வயது. மூச்சு முட்டிச் செத்து நான்கு நாள்.

நாள் 6214. காலை 11.40
மெஷின் முடிவு வந்தது. அவளுடைய மரபணுவில் எழுநூறு இடங்களை, நாங்கள் வந்து இறங்கிய அன்று எடுத்த ரத்தங்களோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டதாம். வடிவு தனி இனமாக இருக்க வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மனுஷப் பிணம் என்றால் புதைக்கலாம். வேறு இனம் என்றால் அது ஆய்வு மாதிரி. வெட்டிக் குப்பிகளில் போட்டு ஏற்றிவிடுவார்கள்.
கப்பலிலிருந்து டாக்டர் ஞானதுரை பேசினார்.
"எக்கா, நான் என்ன செய்ய? கணக்கு அப்படிச் சொல்லுது."
"ஒங்க கணக்கா பத்து மாசம் சொமந்துச்சு? இனமாம் இனம். அவ என் இனசனம்லா?"
"ஒரே ஒரு மாதிரிதான இருக்கு. நடுவுல நிக்கிற ஆளு கெடச்சா இனம் பிரிக்கிற கோடு நகரும். அப்படி யாரு இருக்கா?"
நான் இருக்கிறேன். பதினேழு வருஷம் இந்த ஊர்த் தண்ணீரில் வெறுங்கையால் குழாய் கழுவியவள் நான் ஒருத்திதான்.

நாள் 6214. பிற்பகல் 3.05
விரலைக் குத்தி என் ரத்தத்தையும் மெஷினில் விட்டேன். கோடு நகர்ந்தால் பிள்ளை நம் பக்கம் வந்துவிடுவாள்.

நாள் 6215. காலை 9.20
கோடு நகர்ந்தது. அவள் இந்தப் பக்கம் வரவில்லை. நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். 'இனம் இரண்டு. மாதிரிகள்: வடிவு, இசக்கியம்மாள்.' வாய்ப்பு தொண்ணூற்றொன்பது.
"எக்கா, கோவிச்சுக்கிடாதீய. இனி ஒங்கள ஆளுங்க பகுதியில ஏத்த முடியாது. கூண்டு ஒண்ணு அனுப்புதோம்."
"பெருசா அனுப்புங்க சார். நீங்களும் வந்து இருந்துக்கிடலாம்."
ஒரு மிருகம் இன்னொரு மிருகத்தைப் புதைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். 
"இல்லக்கா."

நாள் 6215. பிற்பகல் 1.30
புதைத்துவிட்டேன். கறுப்பு மண். முழங்கால் ஆழத்துக்குக் கீழே பாறை. குழிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.
வெளியே வந்தால் வடிவு முகமூடியைக் கழற்றி எறிவாள். வெளியதான் மூச்சு நல்லா வருதும்மா என்பாள். முதுகில் ரெண்டு வைத்து, முகமூடியை இறுக்கிக் கட்டி உள்ளே இழுத்துப் போவேன். உள்ளே ஓடுவது பூமிக் காற்று. கடைசி மாதம் அவளுக்கு இளைப்பு வந்தபோது, வெளியே விடச் சொல்லிக் கதவைத் தட்டினாள். பூட்டிச் சாவியை மடியில் வைத்திருந்தது நான்.
முகமூடியில் ஐந்து நிமிடக் காற்று மிச்சம். மெஷின் சொன்னது நிஜமா பொய்யா, பார்த்துவிடுகிறேன். கழற்றுகிறேன்.

1.41
மெஷின் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.
மூச்சு வருகிறது.
ஏட்டி வடிவு, நல்லாத்தான் வருது.
நான்தான் கதவைப் பூட்டி