கறுப்பு மலைக்குப் பக்கத்தில் வெள்ளை மலை

யான்பு
9 ஜனவரி 2025

என் பிரியமுள்ள பெனோவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவீர்கள், எழுதுங்கள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ரிஃபைனரியில் ஒரு இடம் காலி. மேனேஜர் அனந்தகிருஷ்ணன் சாரிடம் உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி இன்டர்வியூ. ராஸ் அல் கைமா குவாரியில் கல்லை உடைத்து டெஸ்ட் பண்ணவா எம்.எஸ்ஸி. வரை படித்தாய்? அடம் பிடிக்காமல் வந்து சேர்.

உன் அப்பா,
ஜெபசீலன்


ராஸ் அல் கைமா
13 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

எழுத்திலும் உங்கள் சத்தம் நன்றாகவே கேட்டது! மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அங்கே வர மனசில்லை. ஆனால் உங்கள் மேனேஜர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்கவும் மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்தொன்பது வருஷமாக அங்கே இருக்கிறீர்கள். யான்புவிலிருந்து சில மணி நேர வண்டிப் பயணத்தில், கைபர் பக்கம் பழைய எரிமலைகள் நிற்கின்றன, ஒருநாள் போய்ப் பாருங்கள். கறுப்பு மலைக்குப் பக்கத்திலேயே வெள்ளை மலை இருக்கும். இரண்டும் அடியில் ஒரே எரிமலைக் குழம்புதான். சீக்கிரம் மேலே வந்தது கறுப்பு. ஆழத்தில் நெடுங்காலம் தங்கி, கனமானதெல்லாம் படிந்தபின் வந்தது வெள்ளை. சிவப்பாகத் தெரிவது, சூட்டோடு காற்றுப் பட்டுத் துருவேறிய கல்.

பார்த்துவிட்டும் "வா" என்றால் வருகிறேன்.

அன்பு மகன்,
பெனோ


யான்பு
26 ஜனவரி 2025

என் செல்ல மகனுக்கு,

வெள்ளிக்கிழமை விடியுமுன், என்னோடு வேலை பார்க்கும் ஹஸ்னைன் பாய் வண்டியில் நீ சொன்ன மலைகளைப் பார்க்கக் கிளம்பினோம். ஆறாயிரம் அடி உயரம், பல் கிட்டும் குளிர். எரிமலை ஆயிற்றே என்று டியூட்டிக்குப் போடும், விஷவாயு பட்டால் கத்தும் கேஸ் மீட்டரைச் சட்டையில் மாட்டிக்கொண்டேன். பாய் அதைப் பார்த்துவிட்டு, "பாய், பர்மிட் கிதர் ஹை?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பர்மிட் எங்கேயாம்! எங்கள் பிளான்ட்டில் அது இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொட முடியாதல்லவா! மீட்டர் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

வெள்ளை மலை அரிசி மாவைக் குவித்தது போல இருந்தது. அதன் காலடிவரை கறுப்புக் கல். எட்டத்தில் செங்கல் சிவப்பு, மஞ்சள், சாம்பல். எனக்கு இந்த நாடு இத்தனை நாளும் பைப்பும் டேங்கும்தான். அங்கே நின்றபோது சந்தோஷமாக இருந்தது பெனோ, உன்மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பாய் கல் கல்லாக எடுத்து விளக்கம் கேட்டார். நீ எழுதியதை வைத்து இரண்டுக்குப் பதில் சொன்னேன், மூன்றாவதை மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்று காலை மேனேஜரைப் பார்த்து, மகன் இன்டர்வியூவுக்கு வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன். "ஏன், அவன் என்ன பண்றான்?" என்றார். இதுவரை யார் கேட்டாலும் "ஏதோ லேப் வேலை" என்று மழுப்பியிருக்கிறேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

இன்று நிமிர்ந்து நின்று சொன்னேன்: "அவன் ஜியாலஜிஸ்ட், சார்."

உன் அப்பா,
ஜெபசீலன்