தொட்டியில் மண்வாசம்

மச்சான்,

இன்று காலை நம் பட்டறையின் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புதுமழை விழுந்த தரையின் வாசம் அடித்தது. கொட்டாஞ்சேனையில் நாலு நாளாக மழையே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொருமுறை மூச்சை இழுத்தேன். அதே மண்வாசம். உடனே உனக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போன பிறகுதான், நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆனது ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றம். மூன்று கிழமைக்கு முன் ஆயுத பூசை. நீ இல்லாத முதல் பூசை, ஒரு குறையும் வரக்கூடாது என்று சாயப்பட்டறை முழுவதையும் கழுவ வைத்தேன். துணி வெளுக்கிற குளோரினில் இரண்டு கேன் எடுத்து நானே தரையில் ஊற்றித் தேய்த்தேன். முகம் பார்த்துத் தலை சீவலாம் போலத் தரை மின்னியது. கழுவிய தண்ணீர் முழுக்க வாய்க்கால் வழியே நேரே தொட்டிக்குள் போகும் என்பது, தினமும் அந்த வாய்க்காலைத் தாண்டி நடக்கிற எனக்குத் தோன்றவில்லை. சுண்டல் தின்று, இரண்டு நாள் லீவும் கழித்து வந்து பார்த்தால், தொட்டி அழுகின மீன் போல நாறியது. சாயத்தண்ணீரைத் தின்று சுத்தமாக்குகிற நுண்ணுயிர்கள் அத்தனையும் செத்துவிட்டன.

"கோடிக்கணக்கில கொன்றுபோட்டீங்கள் அப்பா. அதுவும் பூசைக்கெண்டு," என்றாள் உயிரியல் படிக்கிற மகள். ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தைச் சாதாரண சித்தியோடு தப்பியவன் நான்.

அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க அதிகாரி வந்து பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் பதினெட்டு நாள்தான் இருந்தது. மாதிரி தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. முப்பது பேர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். முதலாளி கத்தவில்லை. "நீங்க பாத்துக்குவீங்கதானே," என்றார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் உன் ஜாம் போத்தலைத் தேடி எடுத்தேன். தொட்டித் தண்ணீரை அதில் அள்ளி ஜன்னலில் வைத்துவிட்டு ஆறுதலாகப் பிளேன்டீ குடிப்பாயே. அரை மணித்தியாலத்தில் பழுப்புச் சேறு அடியில் இறங்கி மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் உனக்கு முகம் மலரும். நான் மீட்டரைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பேன். "மீட்டர் நாளைக்கு சொல்றத மூக்கு இன்டைக்கே சொல்லும்டா," என்பாய். நான் உன் மூக்கின் அளவைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பேன்.

தொட்டி கட்டின புதிதில், கொலன்னாவைப் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் தொட்டியில் நுண்ணுயிர்கள் நிறைந்த உயிருள்ள சேறு கேட்டு வாங்கி, பீப்பாயில் அடைத்து ஓட்டோவில் ஏற்றி வந்தோம். வழியில் பஸ் ஒன்று குறுக்கே வர, பிரேக் போட்ட வேகத்தில் மூடி கழன்று பாதிச் சேறு என் மடியில்.

"என்னண்ணே இது, யாரும் செத்துட்டாங்களா?" என்று மூக்கைப் பொத்தினான் ஓட்டோக்காரன்.

"இல்ல தம்பி, இவங்க எல்லாம் உசிரோட இருக்கிற ஆக்கள். மெதுவா ஓட்டு," என்றாய் நீ, சேறு வழிகிற என் களிசானைப் பார்த்துக்கொண்டே.

இந்தமுறை தனியாகப் போனேன். அந்தத் தொட்டியைப் பார்க்கிற மனுசன் என்னை மறக்கவில்லை. "மற்றவர் எங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு பீப்பாயை நிரப்பினார். பிறகு நான் கேளாமலே இன்னொன்றையும் நிரப்பி, "இது அவருக்கு," என்றார். இரண்டையும் முழங்காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். இந்தமுறை களிசான் தப்பியது. கண்தான் கொஞ்சம் நனைந்தது.

சாயத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நீ செய்ததுபோல நுண்ணுயிர்களுக்குத் தீனியாகச் சீனிப்பாகு காய்ச்சி ஊற்றினேன். தினமும் போத்தலை ஜன்னலில் வைத்தேன். முதல் கிழமை ஒன்றும் இறங்கவில்லை, கலங்கலாகவே நின்றது. மூன்று பிளேன்டீ குடித்தும் அப்படியே. இரண்டாம் கிழமை ஒரு விரல் உயரத்துக்குச் சேறு. நேற்று நாலு விரல். இன்று மண்வாசம், தொட்டி உயிர் பிடித்ததற்கு நீ சொல்கிற அடையாளம்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார், ஒரு இளம் சிங்களப் பெண். மாதிரி எடுத்து மூடினார். போகும்போது ஜன்னலில் இருந்த ஜாம் போத்தலைக் கண்டு நின்றார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு, மச்சான், குனிந்து மணந்து பார்த்தார். "ஹொந்தய்," என்றார். நல்லது என்ற அந்த ஒரு சொல்லுக்கு, வாசல்வரை அவருக்கு முன்னால் நடக்கிறேனா பின்னால் நடக்கிறேனா என்று தெரியாமல் நடந்தேன்.

ஆய்வுகூட முடிவு வர ஒரு கிழமையாகும். மீட்டர் ஆறுதலாகச் சொல்லட்டும். மூக்கு இன்றைக்கே சொல்லிவிட்டது.

உன் பழக்கம் எனக்குத் தொற்றி, வெள்ளவத்தை வீட்டிலும் எதையும் மணந்து பார்க்காமல் வாயில் வைப்பதில்லை. "சொதியை மணந்து பாக்கிறதை விடுங்கோ," என்கிறாள் மனைவி. "நான் அதுக்குள்ள குளோரின் ஊத்தேல்ல."

வருகிற ஆயுத பூசைக்குத் தரையை வெறும் தண்ணீரால்தான் கழுவுவோம். முதல் பொட்டு உன் போத்தலுக்கு.