மருமகளின் தலையில் என் கை

என் அன்பான பூமணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதை முதலில் பொறுத்துக்கொள். சில எழுத்து யானை மாதிரி, சில எழுத்து எறும்பு மாதிரி. வரி ஒன்று மேலே ஏறிப் போகிறது, அடுத்தது இறங்குகிறது. கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய விரலுக்குள் பேனை நிற்க மாட்டேன் என்கிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது. யாரிடமும் போய், இதை ஒருக்கால் எழுதித் தாருங்கள் என்று கைகட்டி நிற்கவில்லை.

உன் பெயரை எழுதவே எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. முப்பத்தெட்டு வருடம் உன்னை 'இஞ்சேர்' என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொன்னதே இல்லை. இப்போது எழுதி எழுதிப் பார்க்கிறேன். நல்ல பெயர்தான்.

இந்தப் பனி நாட்டில், மகனோடு நான் இருக்கிற மல்வேர்னில், எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே கிழமையில் இரண்டு நாள் முதியோருக்குத் தமிழ் எழுத்து வகுப்பு. எழுபத்தொரு வயதில் நான் முன் வாங்கில் இருக்கிறேன். வாங்கில், பூமணி! ஊரில் பள்ளிக்கூடம் போன இரண்டு கிழமையும் எங்கள் ஆட்களை நிலத்தில்தானே இருத்தினார்கள். மூன்றாம் கிழமை அப்பு என்னைத் தன் சலூனில் முடி வெட்டப் பழகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

காலமான ஒருவருக்குக் கடிதம் எழுதி, வகுப்பில் எல்லோருக்கும் கேட்க வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னா. ஆகவே இதைக் கேட்கப் பலர் இருக்கிறார்கள். கேட்கட்டும்.

நேராகவே சொல்கிறேன். நான் டொரீனின் தலையில் கை வைத்தேன். ஒரு நாள் இல்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு கிழமையும்.

டொரீன் யார் என்று உனக்குத் தெரியும். மகன் ரவி அனுப்பிய கலியாணப் படத்தை நீ ஒரு தரம் பார்த்துவிட்டுச் சேலைகளுக்கு அடியில் குப்புற வைத்தாய். 'கறுப்பிச்சியைக் கட்டிப்போட்டான்' என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாய். நானும் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என் பிழை. சாவகச்சேரிக்கு இடம்பெயர்ந்த இடத்தில் நீ கண்ணை மூடினபோதும் அந்தக் கோபம் போகவில்லை. அதன் பிறகு என்னை இங்கே கூப்பிட்டு, விமான நிலையத்தில் கம்பளிக் கோட்டோடு காத்து நின்று, 'மாமா' என்று சொல்லி அதை எனக்குப் போட்டுவிட்டது யார் என்று நினைக்கிறாய்?

அவள் யமேக்காத் தீவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். முதியோர் இல்லமொன்றில் வேலை. மாசியில் பஸ் தரிப்பிடத்தில் பனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முழங்கை வரை பிளாஸ்ரர் கட்டு. தட்டுக் கழுவலாம், கதவு திறக்கலாம், ஒற்றைக் கையால் எல்லாம் சமாளித்தாள். தலையை மட்டும் சமாளிக்க முடியவில்லை.

அவளுடைய முடி பிறவியில் இறுக்கமான சுருள். மருந்து பூசி அதை நேராக்கி வைத்திருக்கிறாள். எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் சலூனில், புதிதாக வளர்ந்த வேர்ப்பக்கத்துக்கு மட்டும் மருந்து வைப்பார்கள். அதை ரச்-அப் என்கிறார்கள். ஒரு ரச்-அப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் உள்ள நாட்கள்தான் கண்டம். வேரில் சுருள், நுனியில் நேர். இரண்டும் சந்திக்கிற இடம் நூல் மாதிரி. கொஞ்சம் இழுத்தால் அதில்தான் முறியும்.

ரவி ஒரு நாள் சீவிப் பார்த்தான். அவள் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டார் கதவைத் தட்டினார்கள்.

"அப்பா, நான் கார் திருத்துறவன். இது எனக்குச் சரிவராது. நீங்கதானே வாழ்நாள் முழுக்கத் தலையளோடை நிண்ட ஆள்."

"விசரோ உனக்கு? மருமகளின்ர தலையிலை மாமன் கை வைக்கிறதோ?"

நாலு நாள் அப்படியே இருந்தேன். ஐந்தாம் நாள் குளியலறைக் கதவு திறந்திருந்தது. டொரீன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடக்கையால் முடியைப் பிரிக்கப் பார்க்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. நான் குசினிக்குப் போய்க் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலடியில் வைத்தேன். அவள் கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வந்து இருந்தாள்.

எத்தனை ஆயிரம் தலை என் கைக்குள்ளால் போயிருக்கும்? எல்லாம் ஆம்பிளைத் தலை. ஒரு பெண்ணின் தலையை நான் தொட்டதே இல்லை. உன் தலையைக்கூட. நீ முதுகைக் காட்டிக்கொண்டு சிக்கெடுப்பாய், நான் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒரு நாளாவது சீப்பைத் தா என்று கேட்டிருக்கலாமா? கேட்டிருந்தால் தந்திருப்பாயா?

முதல் நாளே பிழை விட்டேன். ஊரில் செய்த மாதிரித் தண்ணீர் தெளித்து, சின்னப் பல்லுச் சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுவை. சீப்போடு ஒரு சிறங்கை முடி வந்துவிட்டது. டொரீன் திரும்பிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மாமா, இது புல்லு இல்லை," என்றாள், ரவியிடம் பழகிய தமிழில். "கீழை இருந்து. மெல்ல."

அன்றைக்கு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் முடியை மிருதுவாக்கும் களிம்பு. பிறகு அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே. ஈரம் இருக்கும்போதே தலையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, மெத்தென்ற குழல்களில் நுனியிலிருந்து வேர்வரை சுற்றி மடக்க வேண்டும். சூடு கிடையாது, ஒட்டு முடி கிடையாது. தானாகக் காய வேண்டும். காய்ந்து அவிழ்த்தால் வேரும் நுனியும் ஒரே சுருளாக விழும். எது பழசு எது புதுசு என்று யாராலும் சொல்ல முடியாது. படுக்கும்போது வழுவழுப்பான துணியால் தலையைக் கட்டிவிட வேண்டும், தலையணை ஈரத்தை உறிஞ்சாமல்.

நான் நன்றாகச் செய்தேன், பூமணி. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினை. மூன்றாம் கிழமை அவள் கண்ணாடியில் பார்த்து, "மாமா, யூ ஆர் டேஞ்சரஸ்!" என்றாள். 'மாமா பயங்கரமான கெட்டிக்காரன்' என்று ரவி அதற்கு அர்த்தம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இனித்தான் உன் தங்கச்சியின் கதை.

ராசம்மாவின் மகளுக்கு வைகாசியில் கலியாணம் நிச்சயமானது. ரவி பெண்ணுக்கு அண்ணன் முறை. அதனால் ஒரே தட்டைச் சேர்த்துப் பிடித்து ஆராத்தி எடுக்கிற இரண்டு பேரில் ஒருத்தியாக டொரீனை விடாமல் தப்ப முடியாது, ஊர் கேட்கும். டொரீனுக்குப் பிடிபடாத சந்தோஷம். பிளாஸ்ரர் வெட்டின அன்றைக்கே வாழைப்பழத்தை மூன்றாக வெட்டித் திரி குத்தித் தட்டில் வைத்து, அறைக்குள் எனக்கு முன்னால் சுற்றிச் சுற்றிப் பழகினாள். ஒரு கிழமையில் எனக்கு எத்தனை கண்ணூறு கழிந்தது என்று கணக்கில்லை.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்க ராசம்மா வந்தாள். கையில் ஒரு பை. பைக்குள் முழங்கால் நீளத்துக்கு ஒட்டுச் சடை.

"அத்தான், உவவின்ர தலையை அயர்ன் பண்ணி நேராக்கி, இதை வைச்சுப் பின்னினால் வடிவா இருக்கும். ஆளைப் பிடிச்சிட்டன்."

"சூடு வைக்கக் கூடாது, ராசம்மா. சடையின்ர பாரமும் தாங்காது."

"ஆர் சொன்னது?"

"தலை சொன்னது."

"அப்ப மருந்தை முந்தி வைக்கச் சொல்லுங்கோ."

"நேரத்துக்கு முதல் வைச்சால் முடி வெந்துபோகும்."

"ஒரு நாள்தானே அத்தான்! வீடியோ எடுக்கினம். மாப்பிள்ளை பகுதி பெரிய ஆக்கள். பரட்டைத் தலையோடை தட்டுப் பிடிக்க ஏலுமே?"

டொரீன் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுதான் இருந்தாள். முன்னொரு கலியாணத்துக்கு இவர்கள் சொல்லித்தான் ஒட்டு முடி வைத்தாள். இழுவையில் காதோரம் வழுக்கை விழுந்து, அது வளர ஆறு மாதம் எடுத்தது. அந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு பையை எடுத்து ராசம்மாவின் மடியில் மெல்ல வைத்தாள்.

"சித்தி, நான் வாறன். என்ர முடியோடை வாறன்."

"அப்ப தட்டுக்கு வேறை ஆளைப் பாக்கிறன்," என்று ராசம்மா எழும்பினாள். போகும்போது வாசலில் என் காதுக்குள் சொன்னாள்: "அத்தான், நீங்கள் உவவுக்குத் தலை இழுத்துக் கொண்டிருக்கிற கதையை அங்கை வந்து சொல்லிப்போடாதேங்கோ. ஊரிலை வியாபாரம் எண்டுதான் மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."

கலியாணத்துக்கு முதல் நாள் காலை தலை கழுவி, இருபத்திரண்டு குழல் சுற்றினேன். பின்னேரம்வரை காய்ந்தது. அடுத்த நாள் அவிழ்த்து, சீப்பே வைக்காமல் விரலால் மட்டும் பிரித்துவிட்டேன். ஒரு பக்கம் ஊசி குத்தி ஒதுக்கி, அதில் நாலு விரல் மல்லிகை. பச்சைப் பட்டுச் சேலை. நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டும் அந்தப் படத்தைக் குப்புற வைப்பாயா?

ஸ்காபரோவில் பெரிய கலியாண ஹோல். எங்களைப் பின் வரிசையில் இருத்தினார்கள். தாலி கட்டி முடிந்து ஆராத்திக்கு ஆயத்தம் நடந்தது. ராசம்மா பேசி வைத்திருந்த பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. வேறு வழியில்லாமல் டொரீனைக் கையைக் காட்டி முன்னுக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு மொழி தடுக்கினால் சொல்லிக் கொடுக்கலாம் என்று நானும் பின்னால் போனேன். தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க நின்றவ மாப்பிள்ளையின் பெரியம்மா. டொரீனின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா.

"எவ்வளவு வடிவு பிள்ளை! எந்தச் சலூனிலை செய்தனீர்?"

டொரீன் சிரித்துக்கொண்டு என்னைக் காட்டினாள். "என்ர மாமா."

"பகிடி விடுறா," என்று ராசம்மா குறுக்கே விழுந்தாள். "அத்தான் ஊரிலை வியாபாரம்."

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். தலையாட்டினால் போதும், கதை முடிந்துவிடும். ஆனால் அந்தத் தலையாட்டலோடு டொரீன் எல்லோருக்கும் முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவாளே? அவளுடைய தலை மட்டும் பொய் இல்லாமல் நிற்க, நான் பொய்யாய் நிற்பதா?

"வியாபாரம் இல்லை, அம்மா," என்றேன். "நான் நாப்பத்தைஞ்சு வருசம் முடி வெட்டினனான். என்ர தேப்பனும் அதுதான். இது என்ர கை வேலைதான்."

தொழில் தெரிந்ததும் முகங்கள் மாறுவது எனக்குப் பழக்கம். உனக்கும் பழக்கம். பெரியம்மா தட்டிலிருந்து கையை எடுத்தா.

"எனக்குத் தோள்மூட்டு நோகுது. வேறை ஆரையும் பிடிக்கச் சொல்லுங்கோ."

திரி எரிந்துகொண்டிருந்தது. டொரீன் ஒற்றையாகத் தட்டைத் தாங்கிக்கொண்டு நின்றாள், மணிக்கட்டு ஆடத் தொடங்கிவிட்டது. நான் ராசம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அவள்தான் என்னை விலத்திக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"தள்ளுங்கோ அத்தான். நான் பிடிக்கிறன்."

தாய் ஆராத்தி எடுக்கிறதோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். "என்ர பிள்ளைக்கு நான் எடுப்பன்," என்றாள், ஹோல் முழுக்கக் கேட்க. அவள் குள்ளம், டொரீன் நெட்டை. தட்டு ஒரு பக்கம் சரிந்தது. டொரீன் பட்டுச் சேலையோடு முழங்காலை மடக்கித் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். மூன்று தரம் சுற்றினார்கள். ஒரு திரியும் அணையவில்லை.

அதற்குப் பிறகு ராசம்மா என்னோடு பேசவில்லை. இரண்டு கிழமை ஆகிறது. பேசாவிட்டால் போகட்டும், அவள் செய்ததை நான் கண்ணால் கண்டேன்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, பூமணி. அவள் எங்கள் மருமகள். உயிரோடு இருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது என் கையாலேயே எழுதிச் சொல்கிறேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டொரீனின் கை முழுவதும் சுகம். நேற்று அரிசி மூட்டையைத் தானே தூக்கி வைத்தாள். இனி அவளுக்கு நான் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு காலையில் கொப்பியை விரித்தேன். அவள் சீப்பையும் குழல் பையையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கதிரையைத் தானே இழுத்து எனக்கு முன்னால் போட்டாள்.

"கை சுகம்தானே, பிள்ளை?"

"ஓம் மாமா, சுகம்," என்றாள். முதுகைக் காட்டி இருந்தாள்.

இப்போது தலை நிறையக் குழலோடு ஜன்னலடியில் வெயிலில் இருக்கிறாள். காய நாலு மணித்தியாலம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் உனக்கு இவ்வளவும் எழுதினேன். வாற ஞாயிறும் அவள் தலை கழுவுவாள், நானும் எழுதுவேன். நீ வாசிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினாலும் எழுதுவேன்.

உன் மனுஷன்,
டொரீனின் மாமா,
செல்லத்துரை