வெறும் மணலுக்குக் காவல்

மார்ச் 4
ஏலக் கொட்டகையில் இன்றும் கூடைக்குக் கூடை சினைமீன். வயிற்றை லேசாக அழுத்தினாலே முட்டை பிதுங்குகிறது. மீன் முட்டையிடும் பாறைப் பக்கம் யாரும் வலை போடக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்து, சுற்றிலும் மிதவை கட்டி, முறை வைத்துக் காவலும் இருக்கிறோம். அப்புறம் இவ்வளவும் எங்கிருந்து வருகிறது?

மார்ச் 5
பக்கத்து வீட்டு ரேடியோ அண்ணனின் படகு கரையில்தான் கிடக்கிறது. போன வாரம் மிதவைக்கு உள்ளே வலை போட்டார் என்று பிடித்து வந்ததே என் வீட்டுக்காரர்தான். ஒரு மாதம் படகை இறக்கக்கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. "நான் மணல்லதான்யா போட்டேன், அங்க பாறையே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாட்டினவர் எல்லாரும் சொல்வதுதானே என்று சிரித்தோம். வாய் ஓயாத மனுஷன் இப்போது வாசலில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அண்ணி என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

மார்ச் 8
காவல் முறை எங்களுடையது. இவரோடு நானும் போனேன். மிதவை கட்டிய அன்று, அங்கிருந்து பார்த்தால் ஐஸ் ஃபேக்டரி புகைபோக்கி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதை வைத்துத்தான் இடம் குறித்தோம். இன்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் ஒரு தெருவே தெரிகிறது.

"என்னங்க, இது நம்ம இடம் இல்லையே."

இவர் முங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மிதவை கட்டும் பொறுப்பு இவருடையது; நங்கூரக் கல் வந்து சேரவில்லை என்று மணல் மூட்டையில் கட்டியிருந்தார். போன மாதம் காற்றடித்த வாரத்தில் பாதி மூட்டை கிழிந்து, வரிசை மொத்தமும் தெற்கே இழுபட்டிருக்கிறது. நாங்கள் காவல் இருந்தது வெறும் மணலுக்கு. பாறையை ஊரே வழித்துக்கொண்டிருக்கிறது, தெரியாமல்.

"வாயத் திறக்காத. நானே இழுத்துக் கட்டிடறேன்" என்றார்.

மார்ச் 9
சொன்னால் என்ன ஆகும்? எப்போதடா சாக்கு கிடைக்கும் என்று இருப்பவர்கள் மிதவையை அறுத்து எறிவார்கள். தடையே போய்விடும். பாறையில் ஒரு குஞ்சு மிஞ்சாது. இவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

சொல்லாம இருந்தா? ஒரு தப்பும் பண்ணாத மனுஷன் சுவத்துக்கு அந்தப் பக்கம் சும்மா உக்காந்திருக்காரு. அவரு இருமறது கேக்குது — எப்படித் தூங்கறது நான்?

மார்ச் 10
யார் கதவைத் தட்டினாலும் பக்கென்கிறது.

மார்ச் 12
சங்கக் கூட்டம். இவர் எழுந்து சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் நான் எழுந்தேன். மிதவை நகர்ந்துபோனதை எப்படியோ சொல்லி முடித்தேன்.

ஒரே கூச்சல். தடையை எடுங்கள் என்று பாதிப் பேர். பயந்தது நடந்தேவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது ரேடியோ அண்ணன் குரல் கேட்டது.

"தடை என்னய்யா பண்ணுச்சு? ஒழுங்கா கல்லப் போட்டுக் கட்டுங்க. ஆனா எனக்குக் குடுத்தத இவனுக்கும் குடுங்க."

தடை தொடரும் என்று முடிவானது. அவர் படகை அவிழ்த்துவிட்டார்கள். எங்கள் படகு ஒரு மாதம் கரையில்.

இவர் பாயை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் படுத்தார்.

மார்ச் 15
கல் வந்து இறங்கியது. ரேடியோ அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "என் படகுல ஏறு. நீ கட்டற லட்சணத்த நான் பக்கத்துல நின்னு பாக்கணும்." இவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

படகு சின்னதாகும்வரை கரையில் நின்றேன். அண்ணி வந்து பக்கத்தில் நின்றார்.

"உன் வீட்டுக்காரருக்கு நீச்சல் நல்லாத் தெரியும்ல?" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் கோவம் அடங்கல."