தூக்கத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள்

அத்தை,

இன்று மருத்துவரைப் பார்க்கப் போகும் வழியில், சத்திரம் பேருந்து நிலையத்தில் பையிலிருந்த நாவலை எடுத்தேன். பஸ் வரும்வரை முதல் பக்கத்திலேயே இருந்தேன். வரியின் கடைசிக்குப் போவதற்குள் அதன் தொடக்கம் கழன்றுவிடுகிறது. “ஃபோனைப் பாத்துப் பாத்துதான் இப்படி” என்றாள் அம்மா. சில மாதங்களாக நான் சாப்பிடும் மாத்திரை அவள் நினைவுக்கு வரவில்லை. எனக்கு நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள்.

திருவானைக்காவல் வீட்டில், நூலகப் புத்தகத்தை மடியில் விரித்தபடி, பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருப்பீர்கள். படித்த கதையையெல்லாம் எனக்குச் சொல்லித் தீர்த்தவர் நீங்கள். மாத்திரை தொடங்கியதும் உங்கள் காதில் கேட்ட குரல்கள் நின்றன, உண்மைதான். படிப்பும் நின்றது. புளியைக் கரைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் நிற்பீர்கள். அப்பா அதைத்தான் குணம் என்றார். “இப்பதான் வீடு நிம்மதியா இருக்கு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

தில்லைநகர் மருத்துவரிடம் அப்பாவோடு போகும்போது என்னையும் அழைத்துப் போவீர்கள். அவருடைய கேள்விகள் எல்லாம் அப்பாவுக்குத்தான். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, சத்தம் போடுகிறாரா. ஒருமுறை நீங்களே, “டாக்டர், எதையும் படிச்சா...” என்று தொடங்கினீர்கள். “இந்த வயசுல என்ன பரீட்சையா எழுதப் போற?” என்றார் அப்பா. மருத்துவரும் சிரித்துவிட்டார். திரும்பும்போது காவிரிப் பாலத்தின் மேல், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்: “என்னைப் பத்திதான்டி பேசுறாங்க. நான் என்னமோ துணைக்கு வந்த மாதிரி இருக்கு.”

பிறகு யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினீர்கள். தடித்த நாவல் ஒன்றை முடித்து, எனக்குக் கதை சொன்னீர்கள். சில வாரங்களில் குரல்கள் திரும்பின, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “திமிரு” என்றார் அப்பா. ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மருந்து வேண்டும், ஆனால் அதை மாற்றிப் பார்க்கலாமே என்று, மாரடைப்பில் நீங்கள் போகும்வரை யாருக்கும் தோன்றவில்லை.

இன்று அம்மாதான் ஆரம்பித்தாள். “நல்லா தூங்குறா சார், ஒரு பிரச்சனையும் இல்ல.”

“நான் சொல்றேம்மா” என்றேன். தூக்கம் வருகிறது, அழுகை குறைந்திருக்கிறது, ஆனால் ஒரு பத்திகூட மனதில் நிற்பதில்லை என்றேன். “மருந்தை நிறுத்தச் சொல்லல சார். படிக்க முடியுற மாதிரி வேற வழி இருக்கா?”

நோயாலும் இருக்கலாம், மருந்தாலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். அளவைக் குறைத்து எழுதிக்கொடுத்து, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். சரியாகுமா, தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அத்தை.

அந்த ஒரு நிமிடத்தை உங்களுக்கு யாரும் தரவில்லை. அந்தக் கோபம் என்னிடம் இருக்கிறது. மாத்திரை என் அழுகையைக் குறைத்தது, பயத்தைக் குறைத்தது, இதைத் தொடவில்லை. தொடவும் வேண்டாம்.